பவுடர் டின்னை வாங்கும் முன்

கேள்வி: மகளுக்கு நேற்று முன்தினம் சுகப்பிரசவம். குழந்தை 2.9 கிலோ. இரவெல்லாம் அழுகிறது. பால் பத்தவில்லை என்று பவுடர் டின் எழுதித் தந்திருக்கிறார்கள். நாளை டிஸ்சார்ஜ். வேறெதுவும் சொல்லித் தரவில்லை. வாங்கவா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள் அம்மா. முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். கொஞ்சமாகத்தான் வரும், அந்த வயிற்றுக்கு அது போதும். இந்த நாட்களில் இரவில் அழுது அழுது மார்பைத் தேடுவது வழக்கம். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். டின்னைத் திறந்தால் சப்புவது குறையும், பாலும் நிஜமாகவே குறையும். அப்புறம் டின்தான் கதி.

கிளம்பும் முன் நர்ஸைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் பார்க்கப் பால் கொடுக்கச் சொல்லுங்கள். வாய் அகலத் திறந்து, காம்போடு கருவட்டத்தின் பெரும்பகுதியும் உள்ளே போக வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் வலிக்கும், பாலும் சரியாக வராது. குழந்தையை எடை போடவும் சொல்லுங்கள். 2.6 கிலோவுக்குக் கீழே இறங்கியிருந்தால் டாக்டரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இதைக்கூடச் சொல்லித் தராமல் பில்லை மட்டும் நீட்டி அனுப்புவது அநியாயம். வார்டு முழுக்க ஒரே நர்ஸ் என்றால் அவரைத் திட்டிப் பயனில்லை. ஆள் போடாத நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

டின் சாம்பிளோடு வார்டுக்குள் வருகிறவர்களைக் கிட்டே சேர்க்காதீர்கள். இலவச சாம்பிள், விளம்பரம், ஊழியர்களுக்கு அன்பளிப்பு எல்லாவற்றையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வாசலில் கழுதைப்பால் விற்பவரையும் அப்படியே அனுப்பிவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் தனி. தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்தாலோ குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கலாம். அப்போது டாக்டர் பவுடர் பால் எழுதினால் அது வைத்தியம், மறுக்காதீர்கள். ஆனால் காரணம் என்ன, எத்தனை மில்லி, எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். கறந்த தாய்ப்பால் இருந்தால் அதுதான் முதலில். எதைக் கொடுத்தாலும் பாலாடையில் கொடுங்கள், பாட்டில் வேண்டாம்.

ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போதும். பால் குடிக்காமல் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, உள்ளங்கால் வரை மஞ்சளானாலோ வசம்பு, கிரைப் வாட்டர் என்று நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள்.