கரப்பந்தா, உதைபந்தா: யாருக்கு உடல் திடம் கூட?

கேள்வி: டொக்டர், எனக்கு 20 வயது. கிளிநொச்சியில் ஒரு கழகத்துக்குக் கரப்பந்தாட்டம் ஆடுகிறேன். உதைபந்தாட்டம் ஆடும் நண்பனுக்கு நாடித்துடிப்பு 52, எனக்கு 70. மைதானத்தை நாலு சுற்று ஓடினாலே மூச்சு வாங்குகிறது. அவனைவிட நான் பலவீனமா?

பதில்: இல்லை, தம்பி. ஓய்வாக இருக்கும்போது 60 முதல் 100 வரை சாதாரணம். உங்கள் 70 நல்ல அளவுதான். நீண்ட நேரம் ஓடிப் பழகிய இதயம் ஒரு துடிப்பிலேயே கூடுதல் இரத்தத்தைத் தள்ளும். அதனால்தான் நண்பனுக்கு 52. 90 நிமிட உதைபந்தாட்டத்தில் ஒருவர் சுமார் 10 கிலோமீற்றர் ஓடுவார். கரப்பந்தில் ஒரு புள்ளி பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். துள்ளி அடிக்கத்தான் உங்கள் கால்கள் பழகியிருக்கின்றன.

ஒன்று செய்து பாருங்கள். விரல் நுனியில் சோக் பூசி, சுவரோரம் நின்று கையை உயர்த்தி ஓர் அடையாளம் வையுங்கள். நின்ற இடத்திலிருந்தே துள்ளி இன்னொன்று வையுங்கள். இடைவெளியை அளவுநாடாவால் அளந்து, நண்பனையும் துள்ளச் சொல்லுங்கள். அனேகமாக நீங்கள்தான் முந்துவீர்கள். ஓட்டத்தில் அவர் முந்துவார். இரண்டையும் கூட்டி யார் பெரியவர் என்று சொல்ல மருத்துவத்தில் ஒற்றை அளவுகோல் கிடையாது. ஓட்டம், பாய்தல், எறிதல் என்று பத்து நிகழ்ச்சிகளிலும் பயிற்சி எடுக்கும் டெக்கத்லன் வீரர்களே கடைசி 1500 மீற்றர் ஓட்டத்தில் பெரும்பாலும் குறைந்த புள்ளிதான் எடுக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், நாடி எப்போது பார்த்தீர்கள்? வன்னி வெயிலில் பயிற்சி முடித்து வந்த கையோடு பார்த்தால் துடிப்பு கூடத்தான் காட்டும். காலையில் எழுந்ததும், தேத்தண்ணி குடிக்க முதல், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். நண்பனோடு ஒப்பிட வேண்டாம். மூன்று மாதம் கழித்து உங்கள் கணக்கோடேயே ஒப்பிடுங்கள்.

ஆனாலும் அந்த மூச்சு வாங்கலை அப்படியே விடாதீர்கள். கிழமையில் இரண்டு மூன்று நாள், வெயில் தாழ்ந்த பிறகு, கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அரை மணி நேரம் ஓடுங்கள். சில கிழமைகளில் வித்தியாசம் தெரியும். தெரியாவிட்டால், களைப்பும் கூடவே இருந்தால், இரத்தசோகை இருக்கிறதா என்று பரிசோதியுங்கள்.

ஓடும்போது நெஞ்சு நோவு, மயக்கம் வந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். நண்பனுக்கும் இதைச் சொல்லுங்கள். 52 இருக்கும்போது தலைசுற்றினால் அவரும் காட்ட வேண்டும்.