புத்தகக் கட்டை வாங்கித்தான் ஆகவேண்டுமா?

கேள்வி: என் மகள் சேலம் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் முதலாமாண்டு படிக்கிறாள். முதல் செமஸ்டருக்கான புத்தகங்களை மொத்தமாக 6,400 ரூபாய் கட்டி, கல்லூரி ஸ்டோரிலேயே வாங்கச் சொல்கிறார்கள். வெளியில் வாங்கினால் சிலபஸுக்குப் பொருந்தாது என்கிறார்கள். ஃபீஸ் கட்டவே நகையை அடகு வைத்திருக்கிறோம். இந்தச் செலவைக் குறைக்க வழி உண்டா? (ஆத்தூர் வாசகர்)

பதில்: பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய ரசீது மாதிரியில் ‘புக்ஸ்’ என்று இருக்கிறதே, அது கட்டணம் அல்ல, விற்பனை. உங்கள் மகளின் கல்லூரி பின்பற்றும் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பாடநூல்கள், பார்வை நூல்கள் என இரண்டு பட்டியல்கள் இருக்கும். எந்தக் கடையில் வாங்கவேண்டும் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. எல்லாவற்றையும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

‘சிலபஸுக்குப் பொருந்தாது’ என்ற மிரட்டலை நீங்களே சோதித்துவிடலாம். உங்கள் பட்டியலில் கணிதத்துக்கு எம்ஏ3151 என்று போட்டிருக்கிறார்கள். எழுத்துகளை அடுத்து வரும் முதல் எண்தான் எந்த ஒழுங்குமுறை (ரெகுலேஷன், அதாவது எந்த ஆண்டுப் பாடத்திட்டம்) என்பதைக் காட்டும்: 6 என்றால் 2013, 8 என்றால் 2017, 3 என்றால் 2021. பல்கலைக்கழகத் தளத்தில் 2021 ஒழுங்குமுறையின் சிவில் பாடத்திட்டம் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கிறது. முதல் செமஸ்டர் பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து மகளின் கையில் கொடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து யூனிட். எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் பொருளடக்கத்தை இந்த ஐந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் பல்கலைக்கழகம் பட்டியலிட்ட நூல்கள் அதில் பெரும்பாலும் இருக்காது. ‘லோக்கல் ஆத்தர்’ புத்தகங்கள்தான் இருக்கும். யூனிட் வாரியாகப் பிரித்து, 2 மார்க் கேள்வி, 13 மார்க் விடை என்று தேர்வுக்கு வெட்டிக் கொடுப்பவை. அவற்றை நான் குறை சொல்லவில்லை, தேர்வுக்கு முந்தைய மாதம் கைகொடுக்கும். ஆனால் அட்டை விலைக்கு வாங்கக்கூடாது. இவை பதிப்பகத்திலிருந்து கடைக்குப் பெரிய தள்ளுபடியில் வருபவை. அந்தத் தள்ளுபடி யார் பைக்குள் போகிறது என்பதில்தான் ‘கட்டாயம்’ என்ற சொல் பிறக்கிறது. ஒழுங்குமுறை மாறும்போதெல்லாம் பழைய பக்கங்களுக்குப் புதுக் குறியீடும் புது அட்டையும் போட்டு விற்பதும் உண்டு. சீனியரிடம் இருக்கும், குறியீட்டு எண் 8-இல் தொடங்கும் புத்தகம் பல யூனிட்டுகளுக்கு அப்படியே உதவும்.

இப்போது பாடம் பாடமாகப் பார்ப்போம். சொந்தமாக வாங்கவேண்டியது கணிதம் ஒன்றுதான். பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள பி.எஸ். கிரேவாலின் ‘ஹையர் இன்ஜினியரிங் மேத்தமேடிக்ஸ்’ என்ற தடித்த நூலைப் பழைய பதிப்பாக வாங்குங்கள். முதல் செமஸ்டரின் அணிகளும் நுண்கணிதமும், இரண்டாவதில் வரும் புள்ளியியல், எண்ணியல் முறைகளில் பெரும்பகுதியும், மூன்றாவதில் வரும் உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் அந்த ஒரே நூலில் உண்டு. மூன்று செமஸ்டருக்கு ஒரு செலவு. அணியின் ஐகன் மதிப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறாது. பயிற்சிக் கணக்கின் எண் மட்டும் மாறும், அதைத் தோழியின் புத்தகத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

பைத்தான் பாடத்துக்கு வாங்கவே வேண்டாம். பல்கலைக்கழகம் முதல் பாடநூலாகக் குறிப்பிட்டிருப்பது ஆலன் டவுனியின் ‘திங்க் பைத்தான்’ இரண்டாம் பதிப்பு. அதை ஆசிரியரே தம் கிரீன் டீ பிரஸ் தளத்தில் முழுமையாக, சட்டப்படி, இலவசமாக வைத்திருக்கிறார். இலவசமாகக் கிடைக்கும் நூலையே பாடநூலாக வைத்துவிட்டு, அதே பாடத்துக்கு இன்னொரு புத்தகத்தைக் கட்டில் திணிப்பதை என்னவென்று சொல்வது?

இயற்பியலும் வேதியியலும் நூலகத்தில் எடுக்கவேண்டியவை. நான்கு தோழிகள் சேர்ந்து ஆளுக்கொரு புத்தகம் எடுத்து மாற்றிக்கொண்டால் செமஸ்டர் ஓடிவிடும். தமிழில் புரிந்துகொள்ள, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் இ-கும்ப் தளத்தில் பொறியியல் பாடநூல்கள் தமிழிலேயே பிடிஎஃப்பாக இருக்கின்றன. அவை ஏஐசிடிஇ மாதிரிப் பாடத்திட்டத்தை ஒட்டி எழுதப்பட்டவை என்பதால் யூனிட் வரிசை ஒத்துவராது, தலைப்பைத் தேடித்தான் படிக்கவேண்டும். ஆங்கிலத்தில் ஓபன்ஸ்டாக்ஸ் என்ற பாடநூல் தளத்தின் இயற்பியல், வேதியியல் நூல்களும் இலவசம். ஆங்கிலப் பாடத்துக்கும் தமிழர் மரபுக்கும் சீனியர் புத்தகம் போதும். தமிழர் மரபு மொத்தமே 15 மணி நேரப் பாடம்.

நூலகத்தில் ‘புத்தகம் இல்லை’ என்பார்கள். இருக்கும். அங்கீகாரத்துக்காக வாங்கி அடுக்கிய புத்தகங்கள் ஆய்வுக்குழு வரும் அன்று மட்டும் வெளிச்சம் பார்க்கும் கல்லூரிகள் நிறைய. நூலகப் பதிவில் நூலின் பெயரைத் தேடி, அதன் எண்ணைக் குறித்துக் கேட்கச் சொல்லுங்கள். ‘ரெஃபரன்ஸ்’ என்று பூட்டியிருந்தால் மாலை எடுத்து மறுநாள் காலை திருப்பித் தரும் ஓவர்நைட் வசதி உண்டா என்று கேட்கலாம். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் புத்தக வங்கி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தாமாகச் சொல்வதில்லை.

பழைய புத்தகத்துக்குக் கோவை உக்கடம், சென்னை அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகள் உண்டு. சீனியரிடம் நேரில் வாங்குவது அதைவிட மலிவு. ‘சீனியர்களிடம் வாங்கித் தருகிறேன்’ என்று நடுவில் ஒருவர் வந்தால் விலகிவிடுங்கள். பாதி விலையில் ‘புதிது’ என்று கிடைத்தால் திருட்டு அச்சாக இருக்கலாம்: தாள் மெலிந்து மறுபக்க எழுத்து தெரியும், படங்கள் கருத்துக் கலங்கியிருக்கும், நடுவில் 16 பக்கங்கள் காணாமல் போயிருக்கும், முதுகுப் பசை இரண்டு மாதத்தில் விடும். அச்சிட்ட விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் போட்டிருந்தால் கொடுக்காதீர்கள், பில்லே தராத இடத்தில் வாங்காதீர்கள். டெலிகிராமில் ‘எல்லா சப்ஜெக்டும் 199’ என்று பிடிஎஃப் விற்பவரும் இதே ரகம்தான். அதில் பாதி, தளங்களில் சும்மா கிடைப்பவை.

ஜெராக்ஸ் மலிவு என்று நினைக்கவேண்டாம். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றாலும் 1,200 பக்க நூலுக்கு 1,200 ரூபாய், பைண்டிங் தனி. தேவையான அத்தியாயங்களை மட்டும் எடுங்கள். பாடம் நடத்தத் தேவையான பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

‘பழையது போதும்’ என்று இவ்வளவு சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. இன்று உங்களுக்குத் தேவையில்லை, ஆனால் மகள் சிவில் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன். மூன்றாமாண்டில் ஐஎஸ் கோடு புத்தகங்கள், அதாவது கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி நூல்கள் வரும். அவற்றில் பழையது ஆபத்து. எஃகுக் கட்டமைப்புக்கான ஐஎஸ் 800-இன் 1984 பதிப்பு ஒரு கணக்கு முறை, 2007 பதிப்பு வேறு முறை. பழையதை வைத்துப் போட்டால் முதல் வரியிலேயே கணக்குத் தப்பு. கான்கிரீட் கலவைக்கான ஐஎஸ் 10262 2009-இலிருந்து 2019-க்கு மாறிவிட்டது, காற்றுச் சுமைக்கான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி 1987-இலிருந்து 2015-க்கு. ஐஎஸ் 456 மட்டும் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பே, அதிலும் திருத்தத் தாள்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். சீனியர் தரும் கோடு புத்தகத்தின் அட்டையில் ஐஎஸ் எண்ணை அடுத்துள்ள வருடத்தைப் படித்துவிட்டுத்தான் காசு கொடுக்கவேண்டும். இன்னொன்று: தேர்வு அறைக்கு இவற்றைக் கொண்டுபோக அனுமதி உண்டு, ஆனால் ஓரத்தில் சூத்திரம் எழுதியிருந்தால் கண்காணிப்பாளர் வாங்கிவைத்துவிடுவார், காப்பி அடித்ததாக வழக்கும் ஆகலாம். பென்சில் குறிப்பு என்றால் அழித்துவிடலாம், மையில் எழுதியதைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். படிக்க மட்டும் என்றால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

நாளை வகுப்பு ஆலோசகர் கேட்டால், ‘நூலகத்தில் எடுத்துக்கொள்கிறோம்’ என்று மகள் சொன்னால் போதும். கட்டியே ஆகவேண்டும் என்றால், எந்த விதிப்படி என்று எழுத்தில் தரச் சொல்லி நீங்கள் ஒரு கடிதம் கொடுங்கள், ஒரு நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் வாங்குங்கள். எழுத்தில் தரமாட்டார்கள். இன்டர்னல் மார்க்கைக் காட்டி மிரட்டினால், முதல் இன்டர்னல் தேர்வின் விடைத்தாள்களைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.