ஷாப் ஏற்றம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் லேலண்ட் ஊரில் இருக்கும் பழைய லாரிகளின் அருங்காட்சியகம் பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் 1970களில் சங்ககிரியிலிருந்து காமெட் லாரி ஓட்டியவர். பம்பாய், கல்கத்தா என்று போனால் வீடு திரும்ப வாரக்கணக்காகும். இப்போது இடது காது கேட்காது, இடுப்பு நிமிராது. முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த வண்டிய மறுபடி ஓட்டணும்னு ஒருத்தன் ஏங்குவானா?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஹீட்டர் இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை, மணிக்கு 20 மைல் வேகம். இதை நினைத்து அந்த ஊர்ப் பழைய டிரைவர்கள் கண்கலங்குகிறார்கள் என்கிறீர்கள். பட்ட கஷ்டத்தைப் பிற்பாடு இனிப்பாக்கிக்கொள்வது பொய்யில்லையா? அப்பா ஒருநாளும் அந்தக் காலத்தை நினைத்து ஏங்கிப் பேசியதில்லை.

கே, சங்ககிரி

அன்புள்ள கே,

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இடது காது மந்தமான டிரைவர்களை நான் லேலண்ட் இருக்கும் லங்காஷயரிலும் சந்தித்திருக்கிறேன். அங்கும் நம்மைப் போல ஸ்டியரிங் வலப்பக்கம். எஞ்சின் கேபினுக்குள்ளேயே, டிரைவரின் இடது முழங்காலை ஒட்டி, ஒரு மூடிக்கு அடியில் உறுமிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் அந்தப் பக்கத்துக் கால் வேகும், கதவுப் பக்கத்துக் கால் விறைக்கும். பழைய ராணுவ ஓவர்கோட்டை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டி, மடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓட்டினார்கள். பல வண்டிகளில் கைபிரேக் ஒரே இழுப்பில் பிடிக்காது. நாலைந்து முறை இழுத்து இழுத்து ஏற்ற வேண்டும். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்த்தால் தோள்பட்டை போய்விடும்.

இதில் எதையும் அவர்கள் மறைப்பதில்லை. பேச உட்கார்ந்தால் முதலில் வருவதே இதுதான். அதனால் கஷ்டத்தை இனிப்பாக்குகிறார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கஷ்டத்தை அப்படியே வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருந்த வேறொன்றைத் தேடுகிறார்கள். அது என்ன என்று விளங்கிக்கொள்ள அந்த 20 மைலிலிருந்து தொடங்க வேண்டும்.

கனரக லாரிகள் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது அங்கே சட்டம். நம் கணக்கில் 32 கிலோமீட்டர். 1957 வரை அதுதான் நிலை, பிறகே 30 மைல் ஆனது. 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இன்னொரு கட்டையும் போட்டது. தொடர்ந்து ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, ஒரு நாளில் மொத்தம் 11 மணி நேரம்தான். சட்டப்படி நடந்தால் ஒருவன் ஒரு நாளில் 220 மைலைத் தாண்ட வழியில்லை, மேடு பள்ளமும் ஊர் நெரிசலும் சேர்ந்தால் அவ்வளவுகூட வராது. லண்டனிலிருந்து கிளாஸ்கோ சுமார் 400 மைல். ஆக, வழியில் எங்காவது ராத்தங்கியே ஆக வேண்டும்.

அந்த ராத்தங்கலிலிருந்துதான் ஓர் உலகம் முளைத்தது. டிரைவர்களுக்குப் படுக்க இடமும் காலைச் சாப்பாடும் கொடுக்கும் வீடுகள் நெடுஞ்சாலை ஊர்களில் வரிசையாக இருந்தன. அந்த வீட்டம்மாக்களில் யார் ஈரமான கோட்டை அடுப்புப் பக்கம் காயப்போட விடுவார், யார் விடமாட்டார் என்பது தேசம் முழுக்கத் தெரிந்த விஷயம். பெரிய கம்பெனிகளில், தெற்கேயிருந்து வருபவனும் வடக்கேயிருந்து வருபவனும் நடுவழியில் ஓர் ஊரில் சந்தித்து வண்டியை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்புவார்கள். இருட்டில் ஒரு லாரி இன்னொன்றை முந்தும்போது, பின்னால் வருபவன் "தாண்டிவிட்டாய், உள்ளே வரலாம்" என்று முன்விளக்கை ஒருமுறை சிமிட்டுவான். முந்தியவன் பின்விளக்கை அணைத்துப் போட்டு நன்றி சொல்வான். இரண்டு வண்டிக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் முந்துவதே நீண்ட நேரம் நடக்கும் காரியம், அதை இருவரும் சேர்ந்துதான் செய்ய முடியும்.

இந்த உலகத்தின் உச்சி ஷாப். இங்கிலாந்தின் வடமேற்கில், கெண்டல் ஊரைத் தாண்டி ஸ்காட்லாந்து நோக்கிப் போகும் ஏ6 சாலை ஏறி இறங்கும் மேட்டு நிலம். உச்சியில் சுமார் 1,400 அடி உயரம். ஏற்காடு பார்த்த நமக்கு இதெல்லாம் ஒரு உயரமா என்று தோன்றும். அந்தச் சாலையில் பனியும் மூடுபனியும் பக்கவாட்டுக் காற்றும் உண்டு. அதோடு வண்டியின் சக்தியையும் பாருங்கள். எட்டுச் சக்கர லாரிக்குச் சரக்கோடு சேர்த்து 22 டன் அனுமதி, 1955க்குப் பிறகு 24 டன். அதை இழுக்கும் கார்ட்னர் 6எல்டபிள்யூ எஞ்சினுக்கு முதலில் 102 குதிரைத்திறன், பிறகு 112. இன்று அங்கே 44 டன் இழுக்கும் வண்டிகளில் 450, 500 என்று இருக்கிறது. டன்னுக்கு எவ்வளவு என்று அப்பா நொடியில் கணக்குப் போட்டுவிடுவார்.

மான்செஸ்டர் பக்கம் பேட்ரிக்ராஃப்டில் கார்ட்னர் குடும்பத்தார் செய்த எஞ்சின் அது. சக்தி குறைவு என்றாலும் டீசல் கொஞ்சமாகக் குடிக்கும், லட்சக்கணக்கான மைல் உழைக்கும். அதனால் லாரி செய்யும் கம்பெனிகள் கார்ட்னருக்காக வரிசையில் காத்திருந்தன. அதன் உச்சச் சுழற்சியே நிமிடத்துக்கு 1,700தான். எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரம் கனமானது, மெதுவாக வேகம் கூடும், அதைவிட மெதுவாகக் குறையும். இங்கேதான் டிரைவரின் வித்தை இருக்கிறது.

அப்பாவுக்கு டபுள் கிளட்ச் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்து கியர் பெட்டியில் பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கித் தரும் ஏற்பாடு கிடையாது. டிரைவர்தான் ஒன்றாக்க வேண்டும். கிளட்சை அமுக்கி நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, கீழ் கியருக்கு இறங்குவதென்றால் ஆக்சிலேட்டரை ஓர் அமுக்கு அமுக்கி எஞ்சின் வேகத்தைத் தூக்கி, மறுபடி கிளட்சை அமுக்கி கியரைப் போட வேண்டும். மேல் கியருக்கு என்றால் எஞ்சின் தணியும்வரை காத்திருக்க வேண்டும். கார்ட்னரில் அந்தக் காத்திருப்பு நீளம். ஏற்றத்தில் அவ்வளவு நேரம் காத்திருந்தால் வண்டியின் வேகமே செத்துவிடும். எனவே எந்த வளைவுக்கு முன் எந்த கியருக்கு இறங்கி அப்படியே உச்சிவரை போவது என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும். தவறினால் பற்கள் கறகறவென்று அரைக்கும். 24 டன் நின்றுவிடும். கூட வரும் உதவியாள், நம் கிளீனர்தான், கட்டையோடு குதித்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும்.

புதுப்பித்த ஓர் அட்கின்சன் லாரியில், ஓய்வுபெற்ற ஒரு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எண்பது வயதைக் கடந்தவர், நடக்கக் கைத்தடி வேண்டும் அவருக்கு. ஏற்றம் வந்ததும் பேச்சை நிறுத்தினார். கை கியர்த்தண்டின் மேல் சும்மா கிடந்தது. எஞ்சின் சத்தம் ஒரு சுருதிக்குத் தாழ்ந்ததும் கையும் காலும் தாமாக அசைந்தன. கியர் விழுந்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை. "வண்டியில் மீட்டர் இருந்தது, நான் பார்த்ததே இல்லை" என்றார். சத்தத்தை வைத்தே ஊரில் எந்த வண்டி வருகிறது என்று சொல்லிவிடுவார்களாம். காமர் கம்பெனியின் ஒரு எஞ்சினில் மூன்று சிலிண்டருக்குள் ஆறு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடும். அதன் கூக்குரல் வெகு தூரத்துக்குக் கேட்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

பொய் எங்கே வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. நேரம் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் உருளவிட்ட கதைகளைச் சிலர் வீரமாகச் சொல்வார்கள். பிரேக் தேய்ந்த வண்டியில் அது கொலைக்குச் சமம், மனிதர்கள் செத்திருக்கிறார்கள். 11 மணி நேரத்தைத் தாண்டி ஓட்டிவிட்டுக் குறிப்பேட்டில் பொய் எழுதியதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அப்படி எழுதச் சொன்ன முதலாளி அந்தக் கதைகளில் வரவேமாட்டான். அந்த இடங்களில் எனக்கு அவர்களோடு உடன்பாடில்லை.

ஷாப் உச்சியில் ஏ6 ஓரமாக ஒரு நினைவுக்கல் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கல்தான். எம்6 நெடுஞ்சாலை திறக்கும்முன் இந்தக் கடினமான வழியில் வடக்கையும் தெற்கையும் இணைத்த வண்டிகளின் டிரைவர்களுக்கும் உதவியாட்களுக்கும் அது அஞ்சலி செலுத்துகிறது. சாலையைப் போட்டவர்களையும் பராமரித்தவர்களையும் நினைக்கிறது. மோசமான வானிலையில் சிக்கிக்கொண்டவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்த உள்ளூர்த் தலைமுறைகளையும் நினைக்கிறது. எந்த லாரியின் பெயரும் அதில் இல்லை. பனியில் வண்டிகள் சிக்கிக்கொண்ட இரவுகளில் கதவைத் திறந்த வீடுகளுக்கு அந்தக் கல்லில் இடம் இருக்கிறது. ஒருத்தன் ஏங்குவானா என்று அப்பா கேட்டாரே, எனக்குத் தெரிந்த நேரான பதில் அது.

1970இல் எம்6 ஷாப் பகுதியைத் தாண்டித் திறக்கப்பட்டது. லாரிக் கூட்டம் அங்கே போனதும், ஏ6 ஓரத்து டீக்கடைகளில் வியாபாரம் படுத்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 1967இல் வால்வோ எஃப்86 பிரிட்டனுக்கு வந்திருந்தது. ஹீட்டர், லேசான கியர், நல்ல இருக்கை. டிரைவர்கள் அதை வரவேற்றார்கள், அதைக் கேட்டு முதலாளிகளிடம் சண்டை போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே காலத்தில் உதவியாளும் போனார், ராத்தங்கும் வீடும் போயிற்று. டிரைவர் சொகுசாகவும் தனியாகவும் ஆனார். இரண்டும் சேர்ந்தே வந்ததால், ஒன்றை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பே இருக்கவில்லை.

இன்னொரு இழப்பும் உண்டு, அப்பாவுக்கு நேராதது. செஷயரில் சாண்ட்பாக் என்ற சின்ன ஊர். அங்கே ஃபோடன் கம்பெனி நீராவி லாரி செய்து பேர் வாங்கியது. டீசல்தான் வருங்காலம் என்று நம்பிய மகன் எட்வின் ரிச்சர்ட் ஃபோடன் வெளியே வந்து, தன் பெயரின் முதலெழுத்துகளிலேயே 1933இல் இ.ஆர்.எஃப் என்ற கம்பெனியைத் தொடங்கினார். முதல் வண்டிக்கே கார்ட்னர் எஞ்சின். ஒரே ஊரில் போட்டிபோட்ட இரண்டு தொழிற்சாலைகள். 2006இல் ஃபோடன் பெயர் முடிந்தது, மறு வருஷம் இ.ஆர்.எஃப். சவுத்ஹாலில் ஏ.இ.சி லாரித் தொழிற்சாலை 1979இலும் வாட்ஃபோர்டில் ஸ்காமெல் தொழிற்சாலை 1988இலும் மூடப்பட்டன. லேலண்ட் ஊரில் இன்னும் லாரி செய்கிறார்கள், டாஃப் என்ற டச்சுப் பெயரில். தன் வண்டியைச் செய்தவன் பக்கத்துத் தெருக்காரன் என்ற நிலையிலிருந்து இங்கே வந்திருக்கிறார்கள். அந்தக் கண்ணீரில் தொழிற்சாலை ஊர்களின் துக்கமும் இருக்கிறது. அப்பாவின் காமெட்டுக்கும் லேலண்ட் ஊரே தாய்வீடு. 1947இல் அங்கே அறிமுகமான வண்டி, 1951இல் எண்ணூரில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டத் தொடங்கினார்கள், 1955இல் அந்த எண்ணூர்க் கம்பெனிக்கு அசோக் லேலண்ட் என்று பெயராயிற்று. எண்ணூர் இன்றும் வண்டி செய்கிறது.

அப்பா ஒருநாளும் ஏங்கிப் பேசியதில்லை என்றீர்கள். இங்கிலாந்து டிரைவர்களுக்கு 1983இலிருந்து லேலண்டில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1962இலிருந்து ஆண்டுதோறும் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய வண்டிகளை ஓட்டிப் போகிறார்கள், சாலையோரம் ஜனங்கள் நின்று கையசைக்கிறார்கள். ஷாப்பில் கல் இருக்கிறது. அவர்களைப் பேசச் சொல்லி ஊரே காது கொடுத்தது. நம் லாரிக்காரர்களிடம் நாம் வாடகை கேட்டோம், லோடு எப்போது வரும் என்று கேட்டோம். வேறெதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. தவிர, அப்பா ஓட்டியது பெரும்பாலும் வேறொருவரின் வண்டியாக, அதன் மேல் ஒரு கடனும் இருந்திருக்கும். அந்த நெருக்கடியை நினைத்து யாரும் ஏங்கத் தேவையில்லை.

அவரிடம் "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், அதற்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. லோடோடு தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது எந்த வளைவில் இரண்டாவது கியருக்கு வருவார், சத்தத்தில் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேளுங்கள். கிளீனர் பெயர் என்ன, எந்த ஊர்க் கடையில் வண்டியை நிறுத்துவார்கள், வண்டி படுத்த இரவில் யார் சோறு போட்டார்கள் என்று கேளுங்கள். வலது காதுப் பக்கம் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி அனுப்பினால் இங்கே வெளியிடுகிறேன்.