வீங்கின மூட்டில் கை வைக்காதீர்கள்: மூட்டு வலி, மசாஜ் கேள்வி-பதில்

இந்த முறை வந்ததில் முக்கால்வாசி முட்டி வலிக் கேள்விகள். சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு இதற்கு ஆச்சரியப்பட முடியாது. இருட்டோடு எழுந்து முப்பது வருசம் குனிந்து நிமிர்ந்து பால்மரம் வெட்டிய கால்கள்தானே இங்கே பாதி வீடுகளில் இருக்கின்றன. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

அம்மாவுக்கு 66 வயது, தோட்டத்தில் மரம் வெட்டியவர். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்னார். மசாஜ் செய்தால் தேய்ந்தது வளருமா? வாரத்துக்கு எத்தனை தடவை செய்யலாம்? (வாசகி, பீடோங்)

வளராது அம்மா. எந்த எண்ணெயும் எந்தக் கையும் தேய்ந்த குருத்தெலும்பை வளர்த்துக் கொடுக்காது. வளரும் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் வலி குறையும், விறைப்பு இளகும், உட்கார்ந்து எழுவது கொஞ்சம் சுலபமாகும். அமெரிக்காவில் முட்டித் தேய்மானம் உள்ள 125 பேருக்கு வெவ்வேறு அளவில் மசாஜ் செய்து பார்த்து 2012-இல் எழுதினார்கள். வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரம், எட்டு வாரம் என்ற கணக்குத்தான் சரியாக வந்தது. வாரம் இரண்டு தடவையாகக் கூட்டியும் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. பிறகு 200 பேருக்கு மேல் சேர்த்துச் செய்த ஆய்விலும் எட்டாவது வாரத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மசாஜ் எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதனால்தான் மசாஜை மட்டும் நம்பாதீர்கள், தொடைக்குப் பயிற்சியும் சேர வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

நீங்களே செய்து விடலாம். அம்மாவை மல்லாந்து படுக்க வைத்து முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முட்டிச் சில்லுக்கு மேலே ஒரு சாண் வரை உள்ள தொடைச் சதைதான் உங்கள் இடம். உள்ளங்கையை முழுசாகப் பதித்து, முட்டியிலிருந்து இடுப்புப் பக்கமாக மெதுவாக நீவுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் சதை இளகுவது கைக்கே தெரியும். அப்புறம் தொடையின் வெளிப்பக்கம், கெண்டைக்கால். சில்லின் மேல் கட்டைவிரலால் குத்தக் கூடாது. முட்டிக்குப் பின்னால் இருக்கும் குழியிலும் அழுத்தக் கூடாது, ரத்தக்குழாயும் நரம்பும் அங்கே மேலாகவே ஓடுகின்றன. முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்கச் சொல்லுங்கள், ஒரு காலுக்குப் பத்து தடவை, தினமும். உடம்பு கனமாக இருந்தால் அதையும் குறைக்க வேண்டும், ஒரு கிலோ இறங்கினால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறையும்.

எந்த எண்ணெய் நல்லது? (வாசகர், காப்பார்)

வீட்டில் இருக்கும் நல்லெண்ணெய் போதும். எண்ணெய் கை வழுக்கத்தான், வலியைக் குறைப்பது கை. கோடாலித் தைலம் மாதிரி காரமான தைலம் போட்டால் அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அந்த மாதிரித் தைலங்களை அள்ளி அள்ளித் தேய்க்கவும் கூடாது, ரத்தக் கசிவு கூடும்.

மூட்டு வலிக்கு என்ன மசாஜ் செய்யலாம்? (வாட்ஸ்அப்பில் வந்தது)

யாருக்கு? எந்த மூட்டு? வயது என்ன, எத்தனை நாளாக, வீக்கம் உண்டா, சர்க்கரை உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார்? ஒன்றுமே எழுதாமல் ஒரு வரி அனுப்பினால் நான் எதைப் பார்த்துப் பதில் சொல்வது? இந்த ஏழு விவரத்தையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

ராத்திரி திடீரென்று கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கிவிட்டது, போர்வை பட்டால்கூட உயிர் போகிறது. நீவி விடலாமா? (வாசகர், கூலிம்)

கூடாது. யூரிக் ஆசிட் வாதம் மாதிரித் தெரிகிறது, நாளைக்கே கிளினிக் போங்கள். சூடாக, சிவந்து, வீங்கி இருக்கும் மூட்டில் கை வைக்காதீர்கள். காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எங்கள் தாமானுக்கு மாதம் ஒரு தடவை வந்து மசாஜ் செய்கிறவர் கூடவே ஜாமு (மலாய் மூலிகை மருந்து) மாத்திரையும் கொடுக்கிறார். மசாஜ் வேலை செய்ய வேண்டுமானால் இதைச் சாப்பிட வேண்டுமாம். அப்பா மூன்றே நாளில் எழுந்து நடந்துவிட்டார்! நாலு மாதமாகச் சாப்பிடுகிறார். தொடரலாமா? (வாசகி, தெலுக் இந்தான்)

அந்த மூன்று நாள்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பத்து வருட முட்டி வலி மூன்று நாளில் பறந்துபோகும்படி எந்த வேரும் இலையும் செய்வதில்லை. ஸ்டீராய்டு செய்யும். மூட்டு வலி ஜாமு, மாஜுன் என்று விற்பவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்துக்கொண்டே இருக்கிறது, நாமும் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டே இருக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அக்கா என்னிடம் வந்தார், தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வேலை பார்த்தவர். முகம் உருண்டு பளபளவென்று இருந்தது, கை கால் மட்டும் குச்சியாக இருந்தது. கட்டிலில் ஏற உதவி செய்ய முழங்கைக்கு மேலே பிடித்தேன், இறுக்கிக்கூடப் பிடிக்கவில்லை. கையை எடுத்தபோது என் நாலு விரலும் ஊதா நிறத்தில் அவர் தோலில் பதிந்திருந்தன. வெங்காயச் சருகு மாதிரி தோல். ஒன்றரை வருடமாகப் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்த மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், "பச்சிலைதானே" என்று. சர்க்கரை இல்லாதவருக்குச் சர்க்கரை வந்திருந்தது. இப்படி ஸ்டீராய்டால் எலும்பு கரைந்துபோன ஒருவரைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் பலமாக அமுக்கினால் விலா எலும்பு முறிந்துவிடலாம். அன்றைக்கு நான் மசாஜ் செய்யவில்லை, கடிதம் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அதனால் உங்கள் அப்பாவை, மாத்திரையையும் உறையையும் கையில் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கக் கிளினிக்) அழைத்துப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். கவனமாகப் படியுங்கள்: நீங்களாக மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மாதக் கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால் உடம்பு தானாகச் சுரப்பதை விட்டுவிடும், சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்து. எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்வார். போகும் முன்பே வாந்தி, தலைசுற்றல், அசதி வந்தால் உடனே அவசரப் பிரிவு.

இனிமேல் எது வாங்கினாலும் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள், பாரம்பரிய மருந்தென்றால் கடைசியில் 'டி' எழுத்து இருக்கும், ஹோலோகிராம் ஒட்டியிருக்கும். எண்ணையும் பொய்யாக அச்சடிக்கிறார்கள், அதனால் மருந்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான என்.பி.ஆர்.ஏ. இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். மசாஜ் செய்பவர் மருந்தும் விற்றால் அந்த மருந்தை வாங்காதீர்கள்.

செம்பனைக் குலை வெட்டுகிறேன், 38 வயது. கழுத்தும் தோளும் இறுகிப் போகிறது. முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பி "டக்" என்று எடுத்தால் சுகமாக இருக்கிறது. செய்யலாமா? (வாசகர், பாகான் டத்தோ)

வேண்டாம் தம்பி. நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக் கம்பை இழுக்கிறீர்கள், இறுகுவது தோள்பட்டைச் சதை, அதை வீட்டில் யாராவது பிசைந்து விட்டாலே இளகும். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தால் திருத்த முடியாது. கையில் மரப்போ பலக்குறைவோ இருந்தால் மசாஜுக்கு முன் டாக்டர்.

பாட்டிக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை மடக்க முடியவில்லை. (வாசகி, ரவாங்)

தேய்மான விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரம் தாண்டுவது முடக்குவாதமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும், தள்ளிப்போட்டால் விரல் கோணிவிடும். வீங்கின மூட்டில் கை வைக்காதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். வீக்கம் வடிந்த பிறகு உள்ளங்கையையும் முன்கையையும் மெதுவாக நீவலாம். கழுத்தைத் திருப்பவே கூடாது, முடக்குவாதத்தில் கழுத்தெலும்பே தளர்ந்திருக்கக் கூடும்.

சர்க்கரை உள்ளவர் பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடம்? (வாசகர், சுங்கை பட்டாணி)

பாதம் மரத்திருந்தால் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். வேண்டாம்.

பஸ்ஸில் ஜொகூர் போய் வந்ததிலிருந்து ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. எண்ணெய் போட்டு உருவி விடச் சொன்னேன், மனைவி மறுக்கிறார். (வாசகர், ஈப்போ)

மனைவி சொல்வதுதான் சரி. ரத்தம் கட்டியிருக்கலாம், உருவினால் அந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இதைப் படித்து முடித்ததும் அவரையே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இன்றைக்கே.