டார்க்ரூமில் (இருட்டறையில்) போட்ட போட்டோ பிரிண்டுகளைக் குறைந்த தண்ணீரில் கழுவ முடியுமா?

பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் பேப்பரை ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்கிறார்கள், அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் காரைக்குடிக்காரன்தான், லாரித் தண்ணீர் வாங்குகிறவன். தாராளமாக முடியும்.

பிளாஸ்டிக் பூசிய ஆர்சி பேப்பர் என்றால் பேச்சே இல்லை. ஹைப்போ, அதாவது படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் மருந்து, தாளுக்குள் இறங்காது; இரண்டு மூன்று தண்ணீர் மாற்றினால் நாலைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஃபைபர்தான் படுத்தும். ஆனால் கருவாட்டில் உப்பெடுக்க யாராவது குழாயைத் திறந்துவிடுகிறோமா? சட்டியில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றுகிறோம். இதுவும் அதே கதை. நாருக்குள் இருக்கும் ஹைப்போ மெல்லத்தான் கசிந்து வரும், குழாயின் வேகத்துக்கு மசியாது.

ஹைப்போவை உள்ளே அதிகம் இறங்கவிடாததுதான் பாதி வேலை. நான் ரேபிட் ஃபிக்ஸரை ஒன்றுக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து ஒரே நிமிடம்தான் வைக்கிறேன். ஒரு அலசு அலசிவிட்டு, லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்பைட் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம். (கடையில் ஒருமுறை சல்பேட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பெயரைப் படித்து வாங்குங்கள்.) அப்புறம் எட்டுக்குப் பத்து இஞ்சு பிரிண்ட் நாலுக்கு, தட்டில் இரண்டு லிட்டர் வீதம் ஆறு தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். ஆக, பன்னிரண்டு லிட்டர். அடியில் கிடப்பதை மேலே எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் சோம்பல்பட்டு பத்துப் பிரிண்டை வாளியில் அடுக்கி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் பிரித்தால் ஒன்றின் முகம் இன்னொன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.

உப்பு நீரில் ஹைப்போ இன்னும் வேகமாகப் போகும். கடல் தண்ணீரில் கழுவிப் பார்த்துக் கண்டுகொண்ட சங்கதி இது, சல்பைட்டும் அந்த வழியில் வந்ததுதான். அதனால் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தாலும் முதல் தண்ணீர்களுக்கு அதுவே போதும். கடைசித் தண்ணீர் மட்டும் நல்லதாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் வளவு ஓட்டிலிருந்து விழும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைப்போம், அதில் ஒரு செம்பு எடுத்தாலும் அப்பத்தா, "படத்தையா குளிப்பாட்டுறே?" என்பார்.

போதுமா என்று சந்தேகமிருந்தால் வெள்ளை ஓரத்தில் சில்வர் நைட்ரேட்டும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசல் ஒரு சொட்டு. இரண்டு நிமிடத்தில் பழுப்பாகக் கறை விழுந்தால் இன்னும் இரண்டு தண்ணீர். கடைசித் தண்ணீரால் ஆத்தங்குடிக் கல் தரையைத் துடைத்துக்கொள்ளலாம். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கிறது, அதை மட்டும் ஊருணிப் பக்கம் கொட்டிவிடாதீர்கள்.