டெக்சாஸ் பிரின்ஸ்டன் நகரின் மக்கள்தொகை: கேள்வி பதில்

டாலஸுக்கு வடகிழக்கே, காலின் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), 380ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பிரின்ஸ்டன், 2023 ஜூலை தொடங்கி ஓராண்டில் 30.6 விழுக்காடு வளர்ந்துள்ளது. இருபதாயிரத்துக்கு மேல் மக்கள் வாழும் அமெரிக்க நகரங்களில் மிக விரைந்து வளர்ந்தது இதுவே என்று அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2025 மே மாதத்தில் அறிவித்தது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறேன். வீட்டு விலையும் விசாவும் என் துறை அல்ல.

கேள்வி: புகழ்பெற்ற பல்கலைக்கழகம் இருப்பதனால்தான் இந்த வளர்ச்சியா, ஐயா?

பதில்: அந்தப் பல்கலைக்கழகம் நியூ ஜெர்சியில் இருக்கிறது. இந்த ஊர் பிரின்ஸ் டவுலன் என்ற நிலவுடைமையாளரின் பெயரைத் தாங்கியது. பருத்தியும் வெங்காயமும் விளைந்த பூமி.

கேள்வி: 2010க்குப் பின் எவ்வளவு வளர்ந்தது?

பதில்: 2010 கணக்கெடுப்பில் 6,807 பேர், 2020இல் 17,027 பேர், 2024 ஜூலை முதல் நாளுக்கான மதிப்பீட்டில் 37,019 பேர். இம்மூன்று எண்களையும் ஒரே கோட்டில் வைத்து வரைபடம் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். முதல் இரண்டும் தலையெண்ணிக்கை, மூன்றாவது மதிப்பீடு. நான் எங்கே பேசினாலும் முதலில் சொல்லும் எச்சரிக்கை இதுதான்.

கேள்வி: பத்தாண்டுக்கு ஒருமுறைதான் எண்ணுகிறார்கள் என்றால், இடைப்பட்ட ஆண்டுகளின் எண் எங்கிருந்து வருகிறது?

பதில்: இன்று வந்தவற்றில் நல்ல கேள்வி இது. முதலில் கவுண்டி முழுமைக்கும் கணக்கிடுகிறார்கள்: பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, உள்ளே வந்தவர்களுக்கும் வெளியே போனவர்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் சேர்க்கிறார்கள். இதற்கு அரசுப் பதிவேடுகளும் வருமான வரித் தாள்களில் மாறும் முகவரிகளும் துணை செய்கின்றன. ஆனால் ஒரு சிறு நகரத்துக்குள் யார் வந்தார், யார் போனார் என்பதை அப்படித் துல்லியமாகப் பிடிக்க முடியாது. எனவே கவுண்டியின் மொத்தத்தை, அதிலுள்ள நகரங்களுக்கு வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு பிரித்துக் கொடுக்கிறார்கள். கட்டட அனுமதிகளிலிருந்து புதிய வீடுகளைக் கணித்து, அவற்றுள் எத்தனை பங்கில் ஆள் இருப்பார்கள், ஒரு வீட்டில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்ற விகிதங்களால் பெருக்குகிறார்கள். சுருங்கச் சொன்னால், பிரின்ஸ்டனில் அளக்கப்பட்டது பெரும்பாலும் கூரைகளே. தலைகள் அவற்றிலிருந்து ஊகிக்கப்பட்டவை.

கேள்வி: அப்படியானால் விற்காமல் பூட்டிக்கிடக்கும் புது வீடுகளிலும் ஆள் இருப்பதாகக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்றுதானே பொருள்?

பதில்: ஏமாற்று என்ற சொல் கடுமையானது. ஆயினும் தங்கள் ஐயத்தில் பாதி நியாயம் உண்டு. ஒரே ஆண்டில் தெருத்தெருவாக வீடுகள் எழும் ஊரில், பழைய விகிதம் புதிய தெருக்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

கேள்வி (அவரே மீண்டும்): பாதி நியாயம் என்று மழுப்ப வேண்டாம். 37,019 என்பது பொய்யா, மெய்யா?

பதில்: கவுண்டியின் மொத்தம் வேறு வழியில் கணிக்கப்படுவதால், பிரின்ஸ்டனுக்குக் கூடுதலாகப் போனது பிளேனோ, மெக்கின்னி போன்ற அதே கவுண்டியின் மற்ற ஊர்களின் பங்கிலிருந்தே போயிருக்க வேண்டும். கவுண்டி அளவில் ஆட்கள் பெருகவில்லை என்று அதனால் நிறுவ முடியாது. ஒரு நகரத்தின் எண்ணில் பிழை இருக்கக்கூடும் என்பது வேறு, வளர்ச்சியே கட்டுக்கதை என்பது வேறு. மெய்யா என்று கேட்டால், 2030 கணக்கெடுப்பு வரும்வரை கையில் இருப்பவற்றில் இத்தகைய ஆண்டு மதிப்பீடுகளே சிறந்தவை என்பேன்.

கேள்வி (இன்னொரு வாசகர், இடைமறித்து): பள்ளிகள் நிரம்பி வழிகின்றனவே, அது சான்று ஆகாதா?

பதில்: வளர்ச்சிக்குச் சான்று ஆகும், நகரத்தின் எண்ணுக்கு ஆகாது. பள்ளி மாவட்டத்தின் எல்லை வேறு, நகராட்சியின் எல்லை வேறு. அஞ்சல் முகவரியில் பிரின்ஸ்டன் என்று எழுதுபவர்கள் பலரும் நகர எல்லைக்கு வெளியே வாழ்பவர்கள். இருவரும் தனியே வாதத்தைத் தொடரலாம். நான் அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

கேள்வி: ஆண்டுக்கு 30.6 விழுக்காடு என்றால் பத்தாண்டில் எவ்வளவு?

பதில்: கூட்டு வட்டிபோல் பெருக்கினால் 5,30,000ஐத் தாண்டும். 2020இல் காலின் கவுண்டி முழுவதிலும் இருந்ததே 10,64,465 பேர்தான். சிறிய அடிப்படையின் மேல் எழும் விழுக்காடு பெரிதாகத்தான் தெரியும். அந்த ஆண்டு பிரின்ஸ்டனில் கூடியவர்கள் ஏறத்தாழ 8,700 பேர். அதே ஆண்டில் நியூயார்க் நகரில் கூடியவர்கள் 87,000க்கும் மேல்.

கேள்வி: அங்கே தமிழர் எத்தனை பேர்?

பதில்: கணக்கெடுப்புப் படிவத்தில் இனத்தைப் பற்றிய வினாவில் இந்தியர் என்ற கட்டம் உண்டு, தமிழர் என்ற கட்டம் இல்லை. வீட்டில் பேசும் மொழியை ஆண்டுதோறும் நடக்கும் மாதிரி ஆய்வு கேட்கிறது. அதன் விரிவான பட்டியலில் தமிழ் தனி வரிசையாகவே வருகிறது. ஆனால் அது பெரிய நிலப்பரப்புகளுக்கு மட்டும் வெளியாகிறது. சிறு நகரங்களுக்கான பட்டியலில் தமிழ் 'பிற ஆசிய மொழிகள்' என்ற மூட்டைக்குள் போய்விடும். மேலும் 65,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு விரிவான ஓராண்டுத் தரவு கிடையாது. ஐந்தாண்டுச் சராசரியே கிடைக்கும். இவ்வளவு வேகமாக மாறும் ஊருக்கு அது சற்றுப் பழைய புகைப்படம். இதுவும் மதிப்பீடுதான், பிழை வரம்புடன் படியுங்கள்.

கேள்வி: ஹிஸ்பானியர் என்பது ஓர் இனமா?

பதில்: ஸ்பானிய மொழி பேசும் நாடுகளை வேராகக் கொண்டவர்களை அச்சொல் குறிக்கிறது. 2020 கணக்கெடுப்புப் படிவத்தில் அது தனி வினா, எந்த இனத்தவரும் ஹிஸ்பானியராக இருக்கலாம். இரு வினாக்களையும் ஒன்றாக்கும் விதி 2024 மார்ச்சில் வந்தது.

கேள்வி: அங்கே வீடு வாங்கலாமா?

பதில்: முதல் பத்தியின் கடைசி வரியைப் படியுங்கள்.

கேள்வி: பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்களா?

பதில்: நியூ ஜெர்சி.

கேள்வி: புதிய வீடுகளுக்குத் தடை விதித்தார்களாமே? இனி வளர்ச்சி நின்றுவிடுமா?

பதில்: தண்ணீரும் சாலையும் காவல்துறையும் ஈடுகொடுக்க முடியவில்லை என்று 2024 செப்டம்பரில் நகர மன்றம் புதிய குடியிருப்புத் திட்டங்களை 120 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது, பின்னர் அதை நீட்டித்தது. முன்பே ஒப்புதல் பெற்ற மனைகளுக்கு அத்தடை பொருந்தாது என்பதால் கொத்தனார்கள் வேலையை நிறுத்தவில்லை. புதிய அனுமதிகள் குறைந்தால் மதிப்பீட்டில் வளர்ச்சியும் தாழும். ஆனால் அனுமதிக்கும் குடிபுகுவதற்கும் இடையே காலம் ஓடுவதால், அந்தத் தாழ்வு உடனே தெரியாது. அது தெரியும் ஆண்டில் 'பிரின்ஸ்டனை விட்டு மக்கள் ஓடுகிறார்கள்' என்று யாரேனும் எழுதினால், ஓடியது மக்களா அனுமதிச் சீட்டுகளா என்று அவரிடம் கேளுங்கள்.