வாசகர் கேள்வி: ஊருக்கு ஊர் மழை சொல்ல முடியுமா?

கேள்வி: கைத்தொலைபேசி யாழ்ப்பாணம் முழுவதற்கும் மழை என்கிறது. பருத்தித்துறையில் கொட்டுகிறது, எங்கள் வெங்காயப் பாத்தியில் ஒரு துளியும் இல்லை. வீட்டுக் கணினியில் டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வானிலைக் கணிப்பு மாதிரியை, பரப்பை 1 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து ஓட்டினால் சரியாகத் தெரியுமா? (வாசகர், உரும்பிராய்)

பதில்: 3 கி.மீ.யில் தொடங்குங்கள். அதை 1 ஆக்கினால், அதே பரப்புக்கு 27 மடங்கு கணக்கு: நீளத்தில் மூன்று, அகலத்தில் மூன்று, நேரப்படியில் (மாதிரி ஒவ்வொரு தடவையும் முன்னேறும் நேரத்தில்) மூன்று. 3 கி.மீ.க்கு நேரப்படி 18 செக்கன்; அதைக் கூட்டினால் ஓட்டம் இடையில் உடைந்துவிடக்கூடும். கட்டத்தைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு அகலமான அமைப்புகளைத்தான் மாதிரி ஒழுங்காகக் காட்டும். 3 கி.மீ.யில் அது 20 கி.மீ. அளவு, யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வரையான தூரம். உரும்பிராய்க்கு ஒன்று, கோப்பாய்க்கு வேறொன்று என்று படம் காட்டினால் அதை நம்பி இறைப்பை நிறுத்தாதீர்கள்.

ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பரப்புகள் வையுங்கள்: வெளிக்கட்டம் 27, நடு 9, உள் 3 கி.மீ. மாரிமழையைக் கொண்டுவரும் தாழமுக்கங்கள் வங்காள விரிகுடாவிலிருந்து வருவதால் வெளிக்கட்டம் அந்த விரிகுடாவை நன்றாக உள்ளடக்க வேண்டும். முகிற்திரள் கணிப்பை (கட்டத்தைவிடச் சிறிய முகில்களின் மழையைத் தோராயமாகக் கணக்கிடும் பகுதியை) 27, 9இல் மட்டும் வையுங்கள். 3இல் மாதிரியே முகிலை எழுப்பும்.

ஓட்டுமுன், எது தரை, எது நீர் என்று மாதிரிக்குச் சொல்லும் நிலப்பயன்பாட்டுப் படத்தைத் திறந்து கடனீரேரியைக் கட்டம் கட்டமாகப் பாருங்கள். இதைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். அங்கே தரை என்று பதிந்திருந்தால் நண்பகலில் அது பொய்யாகச் சூடேறும்; கடற்காற்று தவறான இடத்தில் கூடி, இல்லாத மழை பெய்யும். நீர் என்றிருந்தாலும் அதன் வெப்பநிலை பக்கத்துக் கடலோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய பிழை வெளியிலிருந்து வந்தால் உள்கட்டம் திருத்தாது. 2020 டிசெம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரேவி சூறாவளி, பிறகு மன்னார் வளைகுடாப் பக்கம் நகராமல் நின்றது. அந்த நிற்றலைத் தீர்மானிப்பது பரந்த காற்றோட்டம்; அது, வெளிக்கட்டத்துக்கு நாம் ஊட்டும் உலக மாதிரித் தரவிலேயே சரியாக இருக்க வேண்டும்.

கேள்வி: மாதிரி மழையும் மழைமானியும் ஒத்துவரவில்லை. ஏன்? (அதே வாசகர்)

பதில்: மாதிரி, ஓட்டம் தொடங்கியது முதலான மொத்த மழையை எழுதும். மழைமானி காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. காலை 5.30 தரவில் தொடங்கினால் 27ஆம் மணித் தொகையிலிருந்து 3ஆம் மணித் தொகையைக் கழியுங்கள். முதல் 6 முதல் 12 மணி வரை மாதிரி இன்னும் நிலைப்படாததால், ஒப்பிட 51இலிருந்து 27ஐக் கழிப்பதே நல்லது.